மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு வடசென்னையிலிருந்து காரில் போய்ச் செய்தி சேகரிப்பது எப்படி?

கேள்வி: தண்டையார்ப்பேட்டை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்ப்பேட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, வடசென்னை இளைஞர்களுக்கென்று விளையாட்டுச் செய்திகளை மட்டும் தாங்கி வரும் ஒரு சிறு மாத இதழை நடத்தி வருகிறோம். குத்துச்சண்டை பற்றியும் கால்பந்து பற்றியும் கேரம் பற்றியும் எழுதுவதற்கு எங்கள் தெருக்களிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கடலையும் கால்வாயையும் முகத்துவாரத்தையும் பார்த்தே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, தண்ணீரில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் விரிவாகப் படிக்க அதிகம் கிடைப்பதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால், ஜூலைக் கடைசியில் கோழிக்கோடு மாவட்டத்தில் நடைபெறும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு நேரில் சென்று வந்து, ஓர் இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்குவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 2013 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் திருவிழாவில், கோடஞ்சேரி, திருவம்பாடி ஊராட்சிப் பகுதிகளில் ஓடும் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) பந்தயங்கள் நடக்கின்றன. வெளிநாடுகளிலிருந்தும் வீரர்கள் வருகிறார்கள். முதலிடம் பெறும் ஆணுக்கு ‘ரேப்பிட் ராஜா’ என்றும் பெண்ணுக்கு ‘ரேப்பிட் ராணி’ என்றும் பட்டம் தருகிறார்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில்தான் அந்த ஆறுகளில் பந்தயத்துக்கு வேண்டிய வேகம் இருக்கும் என்பதால், மழைக்காலத்திலேயே இதை நடத்துகிறார்கள்.

நாங்கள் நால்வர் போகிறோம்: எழுதுபவர்கள் இருவர், படம் எடுப்பவர் ஒருவர், வண்டி ஓட்டுபவர் ஒருவர். நண்பர் ஒருவர் தம் ஏழு இருக்கை வண்டியைத் தர இசைந்திருக்கிறார்; அது ஓன் போர்டு வண்டி, அதாவது வாடகைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வண்டி. எங்களிடம் இருப்பது பழைய கேமரா ஒன்றும் 70-300 லென்ஸ் ஒன்றும்தான். பெங்களூரு, மைசூரு, வயநாடு வழியாகப் போவதா, சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகப் போவதா என்பது முதல் கேள்வி. அடைமழையில் கேமராவை எப்படிக் காப்பாற்றுவது, ஆற்றங்கரையில் எங்கே நிற்பது என்பது இரண்டாவது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது கேள்வி: திரும்பி வந்து நாங்கள் எழுதுவது வெறும் வேடிக்கைச் செய்தியாக இல்லாமல், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டுமானால், அங்கே எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.


மறுமொழி: பேசின்பாலத்துப் பயணி

நல்ல முயற்சி, வாழ்த்துகள். ஆனால் காரில்தான் போக வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இரவில் சென்ட்ரலில் மங்களூரு மெயிலில் ஏறினால் காலையில் கோழிக்கோட்டில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கோடஞ்சேரி ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான், பேருந்து வசதியும் உண்டு. நால்வரும் தூங்கிக்கொண்டே போகலாம், செலவும் குறையும்.


மறுமொழி: மாதவரம் ஓட்டுநர்

வணக்கம் தம்பி. ரயிலைப் பற்றி மேலே சொன்னவரின் கருத்தை நான் மறுக்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது. ஆனால் போட்டிகள் ஒரே இடத்தில் நடப்பதில்லை. புலிக்கயத்தில் ஒரு பகுதியும், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் புல்லூராம்பாறையை அடுத்த இலந்துக்கடவில் ஒரு பகுதியுமாக நடக்கும். கொட்டும் மழையில் கேமராவையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு பேருந்துக்காக நிற்பது செய்தி சேகரிப்பவர்களுக்குச் சரிப்படாது. நனையாமல் உட்கார்ந்து எழுதவும், துணி மாற்றவும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவும் சொந்த வண்டி ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. ஆகவே காரிலேயே போங்கள்.

வழியைப் பொறுத்தவரை, போகும்போது பாலக்காடு வழியாகப் போங்கள் என்பது என் உறுதியான கருத்து. வயநாட்டு வழி முப்பது நாற்பது கிலோமீட்டர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் இரண்டு இடங்கள் உங்கள் கையில் இல்லை. முதலாவது பந்திப்பூர்க் காடு. குண்டலுப்பேட்டையிலிருந்து சுல்தான் பத்தேரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 766 இல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. பெங்களூரு நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விட்டால், கேட் மூடிய பிறகு போய் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது தாமரசேரி மலைப்பாதை. லக்கிடியிலிருந்து அடிவாரம் வரை 9 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தாலோ, ஒரு சரக்கு லாரி வளைவில் பழுதாகி நின்றாலோ, மணிக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டியதுதான். மறுநாள் காலை பந்தயம் தொடங்கும்போது நீங்கள் ஆற்றங்கரையில் இருந்தாக வேண்டும் என்றால், இந்த இரண்டையும் நம்பிப் புறப்படக் கூடாது.

விடியற்காலை 4 மணிக்கு முன்பே தண்டையார்ப்பேட்டையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல் வழியாக பைபாஸில் ஏறி மதுரவாயலில் திரும்பி, பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால் பாதி நிம்மதி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், நம் பகுதியைக் கடப்பதற்குள்ளேயே ஓட்டுபவரின் கை கால் ஓய்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை சாலை விரிவாக்கப் பணிகளால் மாற்றுப்பாதைகள் குறுக்கிடும். இருட்டில் அங்கே வேகம் வேண்டாம். வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று போகையில், சேலத்துக்கு முன் தொப்பூர்க் கணவாய் வரும். இறக்கத்தில் பிரேக்கை நம்பி வரும் பாரவண்டிகளால் பல உயிர்களைப் பலி வாங்கிய இடம் அது. பகலில், தாழ்ந்த கியரில், லாரிக்கு முன்னால் நெருங்கிப் போகாமல் கடந்துவிடுங்கள். ஏறத்தாழ 530 கிலோமீட்டர் ஓட்டி மதியத்துக்குப் பிறகு கோயம்புத்தூர் சேர்ந்ததும், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “இன்னும் 180 கிலோமீட்டர்தானே, போய்விடலாம்” என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வாளையாறைத் தாண்டியதும் வானமே வேறாகிவிடும். பாலக்காட்டிலிருந்து பெரிந்தல்மண்ணை, மஞ்சேரி, அரீக்கோடு, முக்கம் வழியாகக் கோடஞ்சேரி போகும் சாலைகள் ஊர் நடுவே வளைந்து வளைந்து போகும் சாலைகள். மழையில் மணிக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் சராசரி கிடைக்காது. அதை மறுநாள் பகலில் ஓட்டி, திருவிழாவுக்கு முந்தைய நாளே அங்கே இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நண்பர் அன்புக்காகத் தருகிறார் என்றால் ஓன் போர்டு வண்டியில் மாநில எல்லை தாண்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு தருகிறார் என்றால் அது சட்டப்படி வாடகை. அதற்கு பர்மிட் பெற்ற டி போர்டு வண்டிதான் வேண்டும். விபத்து ஏற்பட்டால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம் என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலே போதும் என்றாலும், மலைப்பகுதியில் செல்போன் சிக்னலை நம்பாமல் அச்சுப் பிரதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் தடத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. அந்த அளவில் தேய்ந்த டயரோடு கேரள மழைக்குப் போகாதீர்கள். வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள். ஆடியில் நம் ஊரில் காற்றுதான் அடிக்கும், வைப்பருக்கு வேலையே இருக்காது. வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரோடுதான் பெரும்பாலான வண்டிகள் ஓடுகின்றன. பாலக்காட்டு மழையில்தான் அது தெரியவரும்.


மறுமொழி: பெரம்பூர் ஒளிப்படக்கலைஞர்

வழியைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள் என்று அவர் சொன்னதற்கு என் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. அந்த முந்தைய நாள் மாலையில், கேமராவைத் தொடாமல், கரையோரம் நடந்து பாருங்கள். வீரர்கள் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். எந்தப் பாறைக்கு மேல் ஏறுகிறார்கள், எந்த இடத்தில் திரும்புகிறார்கள், எந்த இடத்தில் படகு ஒரு கணம் நின்று தடுமாறுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், மறுநாள் உங்கள் படக்காரர் ஓட வேண்டியதில்லை.

கயாக் படத்தில் பெரிய சிக்கல் முகம் தெரியாததுதான். தலைக்கவசமும் துடுப்பும் நீர்த்தெறிப்பும் முகத்தை மறைத்துவிடும். மேட்டில் பக்கவாட்டாக நின்று எடுத்தால் தலைக்கவசமும் முதுகும்தான் கிடைக்கும். இறக்கத்துக்குக் கீழே சற்றுத் தள்ளி, ஓட்டத்தை எதிர்நோக்கி, கூடியவரை தாழ்வாக அமர்ந்து எடுங்கள். படகின் மூக்கு நுரையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போது கண்கள் தெரியும். பந்தய விதியை அறிந்திருந்தால் எங்கே காத்திருப்பது என்பதும் புரியும். ஸ்லாலம் பந்தயத்தில் தண்ணீருக்கு மேல் கம்புகள் தொங்கும். பச்சைக் கம்புகளுக்கு நடுவே ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்புக் கம்புகளுக்கு நடுவே ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி வர வேண்டும். கம்பைத் தொட்டால் 2 விநாடியும், இரு கம்புகளுக்கு நடுவிலுள்ள வாயில் ஒன்றைத் தவறவிட்டால் 50 விநாடியும் தண்டனையாகக் கூட்டப்படும். ஆகவே சிவப்புக் கம்புகளுக்குப் பக்கத்தில்தான் வீரரின் உடல் முறுக்கும் முகத்தின் தவிப்பும் கிடைக்கும். எக்ஸ்ட்ரீம் ஸ்லாலம் என்பது வேறு வகை: நான்கு பேர் மேடையிலிருந்து படகோடு ஒரே நேரத்தில் தண்ணீரில் குதிப்பார்கள், இடையே குறித்த இடத்தில் படகோடு முழுவதுமாகத் தலைகீழாகப் புரண்டு எழ வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அந்த மேடையின் விளிம்பிலேயே குவியத்தைப் பூட்டி வைத்துக் காத்திருங்கள்.

உங்களிடம் உள்ள லென்ஸுக்கு அங்கே வெளிச்சம் போதாது. ரப்பர்த் தோட்டமும் மேகமும் சேர்ந்து, காலை 11 மணிக்கும் அந்தியைப் போலவே இருக்கும். ஆனாலும் நீர்த்துளிகளை உறைய வைக்க 1/1000 விநாடியாவது வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் விழும் புள்ளிகள் மாத இதழின் தாளில் தெரியாது, ஆனால் மங்கிய படம் பளிச்சென்று தெரியும். எல்லாப் படங்களும் உறைந்தே இருந்தால் ஆற்றின் வேகம் செத்துவிடும் என்பதால், 1/30 இல் படகோடு கேமராவையும் நகர்த்திச் சில எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் மழையைவிட ஏமாற்றுவது ஏ.சி.தான். குளிர்ந்த காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸுக்கு உள்ளேயே பனி படர்ந்துவிடும். துடைக்கவும் முடியாது, அது தானாக விலகுவதற்குள் ஒரு சுற்றுப் பந்தயமே முடிந்துவிடும். இடம் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், அல்லது கேமராவை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். விலை உயர்ந்த மழையுறைக்குப் பணம் இல்லையென்றால் பாரிமுனையில் கனமான பாலித்தீன் பை வாங்கி, லென்ஸின் முனையில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பின்பக்கம் கை நுழையத் திறந்து வைத்தால் போதும். பழைய பருத்தி வேட்டித் துண்டுகள் நிறைய எடுத்துப் போங்கள்.

டிரோன் வைத்திருக்கும் யாரையாவது சேர்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் எழும். அமைப்பாளர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமலும், 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமலும் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். மீட்புக் குழுவினர் விசில் ஒலியையும் கைச்சாடையையும் நம்பித்தான் வேலை செய்கிறார்கள்; தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும் எதுவும் அவர்களுக்கு இடையூறுதான்.

படக்குறிப்பு எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஆற்றின் இடக்கரை, வலக்கரை என்பது ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்லப்படுவது. நீங்கள் எதிர்நோக்கி நின்று எடுத்த படத்தில் அது மாறித் தெரியும்; அறிந்தவர் படித்தால் உடனே குறை காண்பார்.


மறுமொழி: காசிமேட்டு மகள்

நான் கடலோரக் குடும்பத்தில் பிறந்தவள். பிறகு ஆற்றுக் கயாக்கையும் முறையாகப் பயின்றவள். தம்பி கேட்ட மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. அதற்கு முன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “நாங்கள் கடல்கரைப் பிள்ளைகள், எங்களுக்குத் தண்ணீர் புதிதா” என்ற துணிச்சலோடு நம் பகுதி இளைஞர்கள் மலையாற்றில் இறங்குவதை எண்ணினாலே எனக்குப் பயம் வருகிறது.

கடலில் அலை நகரும், ஆபத்தும் அதனுடன் நகரும். ஆற்றில் பாறை நகராது, தண்ணீர் நிற்காது. ஆகவே ஓரிடத்தில் உள்ள ஆபத்து நாள் முழுவதும் அதே இடத்தில் விடாமல் காத்திருக்கும். நீந்தத் தெரிந்தவர்கூட, இடுப்பளவு ஓடும் தண்ணீரில் நிற்க முயன்று, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், ஓட்டமே அவரை முன்னால் தள்ளி அமுக்கிவிடும். விழுந்துவிட்டால் நிற்க முயலக் கூடாது. மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, மிதந்தபடியே அமைதியான ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். வெள்ளை நுரை பொங்கும் இடத்தில் தண்ணீரோடு காற்று கலந்திருப்பதால் அது உடலைத் தாங்காது என்பதையும் கடலில் நீந்திப் பழகியவர்கள் அறிந்திருக்க வேண்டும். படம் எடுப்பவர் தண்ணீரின் விளிம்பிலிருந்து சில அடிகளுக்குள் நிற்பதாக இருந்தால், உயிர்காப்பு அங்கி அணியாமல் நிற்கவே கூடாது. பாசி படிந்த பாறையில் சாதாரணச் செருப்பு வழுக்கும். பாதுகாப்புக்காக என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஓடும் தண்ணீரில் அந்தக் கயிறே ஆளை மூழ்கடித்துவிடும்.

புலிக்கயத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வெள்ளரிமலைப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் கூட்டமாக வரத் தொடங்கி, ஆற்றின் இரைச்சல் கனத்துவிட்டால், எடுத்துக்கொண்டிருக்கும் படத்தை விட்டுவிட்டு மேடேறிவிட வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இந்த ஆறுகளும் அதே மலைத்தொடரில் பிறப்பவைதான். வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்வதை மிகக் கனமழை என்றும், அதற்கு மேல் பெய்வதை அதிகனமழை என்றும் வகுத்திருக்கிறது. கோழிக்கோடு, வயநாடு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் அமைப்பாளர்களே போட்டியை மாற்றி வைக்கலாம். அவர்கள் மாற்றாவிட்டாலும் நீங்கள் ஓரத்துக்குப் போகாதீர்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் நடப்பதால் வரும் எலிக்காய்ச்சல் அங்கே மழைக்காலத்தில் பரவலாக உண்டு. காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் ஆற்றுக்குப் போய் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி. கேமராக்கள் எல்லாம் வெளிநாட்டு வீரர்களையும் பெரிய இறக்கத்தையும் நோக்கியே திரும்பியிருக்கும். நீங்கள் ஒரு மணி நேரமாவது மீட்புக் குழுவினருக்கு அருகில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கடினமான இறக்கத்துக்கும் கீழே, கையில் கயிற்றுப் பையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அந்தப் பைக்குள் மிதக்கும் கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு (மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள மாட்டார்), ஆளைக் கூவி அழைத்து, அவர் திரும்பிப் பார்த்ததும் பையை அவருடைய நெஞ்சுக்குக் குறுக்காக வீசுவார். பாறைக்குப் பின்னால், நிற்கும் பேருந்துக்குப் பின்னே தூசி சுழல்வதுபோல், தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி அமைதியாகச் சுழலும் ஒரு சிறு இடம் இருக்கும். மீட்புக் கயாக் வீரர் அதற்குள் படகை நிறுத்திக்கொண்டு, பந்தயத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்தய வீரர் அவ்வளவு துணிவாகக் குதிப்பதற்கு இவர்கள்தான் காரணம். எந்த நிலையில் எந்த ஆறு எத்தனையாவது தரம் என்று 1 முதல் 6 வரை வகுத்து, எதில் யாரை இறக்கலாம் என்று முடிவு செய்யும் ஒழுங்கை அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இதழில் குதிப்பும் பாய்ச்சலும் மட்டும் வந்தால், அதைப் படிக்கும் பதினாறு வயதுப் பையன் எண்ணூர் முகத்துவாரத்திலோ பழவேற்காட்டிலோ போய் அதைச் செய்து பார்ப்பான். கயிறு பிடித்து நிற்பவரின் படமும் வந்தால், அதையும் ஒரு வேலையாக, ஒரு பெருமையாக நினைப்பான். நம் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பார்த்துக் கணிக்கும் கண் பிறவியிலேயே இருக்கிறது. முறையான பயிற்சியும் சான்றிதழும் கிடைத்தால் அவர்களைப் போன்ற மீட்புக்காரர்கள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள் என்று நான் மனதார நம்புகிறேன். தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கு வீரர்களாக உருவாகிக் காட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அது ஏன் நடக்கவில்லை என்று எழுதப் போனால் தண்ணீரின் கதையையும் எழுத வேண்டியிருக்கும்; 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் சாலிப்புழையில் தெளிந்த தண்ணீரைப் பார்க்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஊர் மக்களிடமும் பேசுங்கள். கோடஞ்சேரிப் பக்கம், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறிய உழவர் குடும்பங்கள் நிறைந்த ஊர். ரப்பரும் பாக்கும் சாதிக்காயும் விளையும் மண். தங்கள் வீட்டுப் பின்புறம் ஓடும் ஆறு உலகப் பந்தயக் களமானதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளில் யார் துடுப்பைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.


மறுமொழி: தண்டையார்ப்பேட்டை வாசகன்

அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் மிக்க நன்றி. கயிறு பிடிப்பவர்களையே இதழின் முதன்மைக் கட்டுரையாக வைப்பது என்று நேற்று மாலை கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். அட்டைப் படமும் அவர்களுடையதாகவே இருக்கும். கேரள சாகசச் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கத்துக்கும் கோழிக்கோடு மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவுக்கும், எங்கள் இதழின் பழைய பிரதிகளை இணைத்து, செய்தியாளர் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுகிறோம். மீட்புக் குழுவினர் நிற்கும் இடத்தில் நிற்க எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் அதிலேயே கேட்டுவிடுகிறோம். போகும் வழி பாலக்காடுதான். கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் இரவு தங்கல்.

மாதவரம் அண்ணனிடம் ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. திரும்பும்போது அவசரம் இல்லை என்பதால், வயநாடு வழியாக வரலாமா? மலையின் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு எழுதினால், ஆறு எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்கும் புரியும் என்று தோன்றுகிறது.


மறுமொழி: மாதவரம் ஓட்டுநர்

தாராளமாக வாருங்கள் தம்பி, ஆனால் முதல் நாள் இரவே மாவட்ட ஆட்சியர் மலைப்பாதையில் கட்டுப்பாடு எதுவும் விதித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குள் அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் லாரிகள் குறைவாக இருக்கும். வளைவுகளில் கீழிருந்து ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்றாலும், எதிரே பேருந்து இறங்கி வந்தால் அது முழுவதுமாகத் திரும்பி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுப் போங்கள். லக்கிடியில் மூடுபனி இருந்தால் ஹை பீமைப் போடாதீர்கள். அது பனியில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும். கல்பற்றா, சுல்தான் பத்தேரி வழியாக வந்து நண்பகலுக்குள் பந்திப்பூர்க் காட்டைக் கடந்துவிடுங்கள்; காட்டுக்குள் யானையைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. மைசூரிலிருந்து பெங்களூருக்கு விரைவுச்சாலை இருக்கிறது, அதன் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர்; கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். பெங்களூருக்குள் நுழையாமல் நைஸ் சாலையில் சுற்றி ஓசூர் சாலையைப் பிடித்து, ஓசூரிலேயே இரவு தங்கிவிடுங்கள். ஈரத் துணிகளையும் பைகளையும் அங்கே காய வைத்து, படங்களை இரண்டாவது பிரதி எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்த பிறகு கிளம்பினால் போதும்.